வெயிட் போடாத குக்கர்

பென்சில்வேனியாவில் கோடைதோறும் இரண்டாம் உலகப் போரை நடித்துக்காட்டும் கூட்டத்தில் நானும் ஒரு சிப்பாய். சேர்ந்த சூட்டோடு கிரெடிட் கார்டைத் தேய்த்து ஒரு பழைய எம்1 கேரண்ட் துப்பாக்கி வாங்கினேன். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் ஜான் கேரண்ட் வடிவமைத்தது. 1936-இல் அமெரிக்கத் தரைப்படை ஏற்றுக்கொண்டது. நாலேகால் கிலோ கனம். விசையை இழுக்க இழுக்க எட்டுத் தோட்டாவையும் தானே ஏற்றிச் சுடும் என்பதுதான் அதன் பெருமை.

என்னிடம் வந்தபின் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. முதல் வெற்றுத் தோட்டா ‘டப்’. அடுத்ததற்குக் கையால் பிடியை இழுக்க வேண்டும். தீபாவளி ரோல் கேப் துப்பாக்கியே தேவலை. விற்றவரைத் திட்டினேன், தோட்டாவைத் திட்டினேன், எண்ணெய் விட்டேன்.

மூன்று வாரம் கழித்து, எங்கள் அணிப் பெரியவர் ஒருவர் விளக்கினார். குண்டு குழலில் ஓடும்போது அதன் பின்னால் அடைபடும் வாயுதான், முனைக்கருகே உள்ள துளையில் இறங்கி, தண்டைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. வெற்றுத் தோட்டாவில் குண்டே இல்லை. வாயு நேராக வெளியே போய்விடுகிறது. குழல் வாயை, சிறுதுளை உள்ள அடைப்பானால் நெருக்க வேண்டுமாம். வீட்டில் இதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். மனைவி தாளித்துக்கொண்டே, “வெயிட் போடாத குக்கர் எங்கேங்க விசிலடிக்கும்?” என்றாள்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங்.

அடைப்பான் வேலையைத் துப்பாக்கி மெக்கானிக்கிடமே விட்டேன். என் வாழ்வின் அரிய புத்திசாலித்தனம். அடைத்த குழலில் நிஜத் தோட்டா போனால் துப்பாக்கியே வெடிக்கலாம் என்பதால், களமிறங்குமுன் எல்லார் பையையும் சோதிப்பார்கள். என் பையில் அகப்பட்டது கடலை மிட்டாய். 1944-ஆம் ஆண்டு அமெரிக்கச் சிப்பாயிடம் அது இருக்கக் கூடாதாம்.

எட்டும் தீர்ந்ததும், தோட்டாக்களைப் பிடித்திருந்த காலி கிளிப் ‘டிங்’ என்று தெறிக்கும். கேரண்ட் பைத்தியங்கள் உயிரை விடுவது அந்த ஓசைக்குத்தான். நான் அதுவரை போனதில்லை. கிளிப்பை உள்ளே அழுத்திய கட்டைவிரலை எடுப்பதற்குள் போல்ட் பாய்ந்து கவ்வியது. “ஐயோ அம்மா!” என்று அலறினேன். எதிரே ஜெர்மானியச் சீருடையில் இருந்த பல் மருத்துவர் போரை நிறுத்திவிட்டு ஐஸ் கொண்டுவந்தார்.

இப்போதெல்லாம் என்னை முதல் ஐந்து நிமிடத்திலேயே சாகச் சொல்கிறார்கள். நன்றாகச் சாகிறேன் என்று பெயர்.