கத்தரிக்கு முன் தண்ணீர்

கேள்வி: ரவிக்கைக்கு லைனிங் வாங்கிக்கொண்டு போனால், டெய்லர் அண்ணாச்சி "நனைச்சுக் காயப்போட்டுக் கொண்டாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார். வெளியே தெரியாத முக்கால் மீட்டர்த் துணிக்கு இத்தனை உபசாரமா? (வாசகி, இளையரசனேந்தல்)

பதில்: அந்த அண்ணாச்சியை ஆயுளுக்கும் விட்டுவிடாதீர்கள். கருங்கண்ணிப் பருத்தி விளைந்த கரிசலில், 1901 முதற்கொண்டு விவசாய ஆராய்ச்சிப் பண்ணை நடக்கும் கோவில்பட்டிக்கு அருகிலேயே வாசம் செய்யும் உங்களுக்குப் பஞ்சின் ஸ்வபாவத்தை நான் எடுத்துரைப்பது அதிகப்பிரசங்கம். ஆயினும், பஞ்சு நூலாகி, நூல் பாவாகிக் கஞ்சி குடித்து, தறியிலே விறைப்பாக இழுபட்டுத் துணியாகிக் கடைக்கு வருகிறவரை அது தன் இயல்பான நீளத்தில் இருப்பதேயில்லை. முதல் தண்ணீர் பட்டதும் கஞ்சி கரைகிறது. இழை நீரைக் குடித்துப் பருக்கிறது. பருத்துவிட்ட ஊடையை வளைந்து கடக்கப் பாவுக்கு அதிக நூல் தேவைப்படுவதால், துணி நீளவாட்டில் குறுகுகிறது. சுருங்குவது குற்றமன்று, மேல்துணியும் உள்துணியும் வெவ்வேறு அளவாகச் சுருங்குவதே குற்றம். மேலே பாலியெஸ்டர் அசையாமல் நிற்க, பதினைந்து அங்குலப் பருத்தி லைனிங் நூற்றுக்கு ஐந்து வீதம் சுருங்கினாலும் முக்கால் அங்குலம் உள்ளே இழுபட்டு, ரவிக்கை முழுவதும் முகம் சுளிக்கும். 2008-இல் சங்கரன்கோவில் வட்டத்திலிருந்து பிரித்துத் தூத்துக்குடி மாவட்டத்தோடு ஒட்டுப்போடப்பட்ட உங்கள் குறுவட்டத்தில், வருவாய் நிர்வாகம் கோவில்பட்டிக்குப் போக, ஊராட்சி ஒன்றியம் குருவிகுளத்திலேயே தங்கிவிட்டதால் வந்த இழுபறியைக் கண்டவர்களுக்கு, இதற்கு மேல் விளக்கம் அநாவசியம்.

கேள்வி: சேலை ஃபால்ஸுக்கும் இதே விதியா? (வாசகி, கோவில்பட்டி)

பதில்: அதற்குத்தான் முதலில். இரண்டரை மீட்டர் ஃபால்ஸ் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினால் ஏழரை சென்டிமீட்டர். அவ்வளவையும் கரைதான் சுருக்கமாகச் சுமக்க வேண்டும்.

கேள்வி: சிறு துண்டுகளை வாஷிங் மெஷினில் போட்டால் நூல் பிரிந்து, ஒன்றோடொன்று முடிச்சிட்டு, பின்னலாக வெளிவருகின்றன. என்ன செய்யலாம்? (வாசகி, கழுகுமலை)

பதில்: மெஷினுக்கு ஓய்வு கொடுங்கள். அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, துண்டுகளைக் கசக்காமல் அரைமணி நேரம் ஊறவைத்து, முறுக்காமல் உள்ளங்கையால் அழுத்திப் பிழிந்து, நிழலில் விரித்துக் காயப்போட்டு, ஈரம் சற்று எஞ்சியிருக்கும்போதே நூல் ஓடும் திசையில் இஸ்திரி போட்டுவிட்டால் போதும். மெஷின்தான் வேண்டுமென்றால், ஓரங்களைப் பல்வரிசைக் கத்தரியால் வெட்டி, வலைப்பைக்குள் இட்டு முடிந்துவிடுங்கள். எக்காரணத்தைக் கொண்டும், அளவுக்கு வெட்டிய துண்டை நனைக்காதீர்கள். நனைத்த துணியையே அளவுக்கு வெட்டுங்கள்.

கேள்வி: சிவப்புத் துணியை நனைக்கும்போது ஒரு கை உப்புப் போட்டால் சாயம் நிற்குமா? (வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: சாயத் தொட்டியிலே சாயத்தை நீரிலிருந்து துணியின் பக்கம் தள்ளிவிடும் காரியத்தை உப்பு செய்வது வாஸ்தவம், ஆனால் வீடு வந்து சேர்ந்த துணியில் ஒட்டாமல் நிற்கிற சாயத்தைப் பிடித்து நிறுத்தும் சக்தி அதற்குக் கிடையாது. தண்ணீர் தெளிகிறவரை தனியே அலசுங்கள். உப்பை ஊறுகாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தீபாவளிக்கு மஞ்சள் தடவி உடுத்த வேண்டிய கோடியைத் தண்ணீரில் முக்குவது சம்பிரதாய விரோதம் என்கிறார் என் மாமியார். (வாசகி, குருவிகுளம்)

பதில்: மாமியாரோடு வாதம் புரியும் தைரியம் இந்தப் பகுதிக்கு இல்லை. எனினும், மஞ்சள் வைப்பது தைத்து முடித்த சட்டைக்கு. நனைப்பதோ தைக்காத துணியை. இரண்டுக்கும் நடுவே தையற்கடையில் தரையிலும் மேஜையிலும் புரண்டு எழுந்துவரும் அந்தத் துணி கோடி என்று ஒப்புக்கொள்ளப்படுமானால், அரைமணி நேரம் சுத்தமான நீரில் கிடந்ததற்காக அதைத் தள்ளிவைப்பது நியாயமாகாது. தவிர, பிறந்த சிசுவுக்குப் புதுத்துணி ஆகாதென்று தாத்தாவின் பழைய வேஷ்டியைக் கிழித்து இடுப்புத்துணியாக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் உங்கள் மாமியாருக்கு மாமியார்கள்தாமே. பலமுறை நனைந்த துணியின் அருமை அவர்கள் அறியாததா? இதை அவரிடம் தாராளமாகச் சொல்லலாம். முறுக்கும் அதிரசமும் சுட்டு இறக்கிய பிறகு சொல்வது உசிதம்.