கொடுங்கை நீங்கலாக ஒரு ரொட்டி மெஷின்

வா தாயி, இப்படித் திண்ணையில உக்காரு. ரொட்டி சுடுற மெஷின் வாங்கப் போறியாமே? தெருவே பேசுது. நம்ம ஆவுடையார்கோவில்ல ஒருத்தன் கையில ரொட்டிப் பாக்கெட்டைப் பாத்தா, "யாருக்குய்யா காய்ச்சல்?"னுதான் கேப்பாங்க. நீ வீட்டுலயே சுட ஆரம்பிச்சா, குடும்பமே படுத்துருச்சுன்னு அறந்தாங்கிச் சொந்தமெல்லாம் ஆர்லிக்ஸ் பாட்டிலோட வந்து எறங்கிரும். டீத்தூள் ஒரு கிலோ சேத்து வாங்கி வையி.

உன் புருசன் துபாயிலேருந்து பணம் அனுப்புனது தண்ணி மோட்டாருக்குன்னு காதுல விழுந்துச்சு. அதனால என்ன! குதிரை வாங்கக் குடுத்த காசுல கோயில் கட்டுன ஊருதானே இது. ஆனா மாணிக்கவாசகருகிட்ட பாண்டியன் கணக்குக் கேட்டப்ப, சாமியே நரியைப் பரியாக்கி ஓட்டிக்கிட்டு வந்தாரு. அவன் வீடியோ கால்ல கணக்குக் கேட்டா யாரு வருவா? அதான், வாங்குறதுக்கு முன்னாடி இந்தக் கெழவன் பேச்சைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போ.

கரண்ட் ஆபீசுல கம்பம் ஏறுன ஆளு நான். மெஷின்னு சொன்னா மொதல்ல அடியில ஒட்டியிருக்கிற சீட்டைத்தான் பாப்பேன். எத்தனை வாட்? சின்ன மெஷினு 500லேருந்து 700க்குள்ள இருக்கும். பிசையுறதுக்கு அவ்வளவு கரண்ட் குடிக்காது. கடைசி ஒரு மணி நேரம் சூடு ஏத்துறப்பதான் குடிக்கும், அதுவும் விட்டு விட்டு. ஒரு ரொட்டிக்கு அரை யூனிட்டுக்குள்ள முடிஞ்சிரும். ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு சும்மா வர்ற ஊருல அதுக்காக அழ வேண்டாம்.

அழ வேண்டியது கரண்ட் போறப்ப. ஒரு ரொட்டிக்கு மூணு, மூணரை மணி நேரம் ஆகும். நடுவுல கரண்ட் போனா சில மெஷின் பத்துப் பதினஞ்சு நிமிசம் விட்ட எடத்தை ஞாபகம் வச்சிருக்கும். சிலது ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும், பட்டனை அமுக்குனா முதல்லேருந்து பிசைய ஆரம்பிச்சிரும். பொங்கி நின்ன மாவை மறுபடி அடிச்சா அது ரொட்டியாகாது, செங்கலாகும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நாள்கணக்கா இருட்டுல கெடந்த மாவட்டம் இது. அதனால கடைக்காரன்கிட்ட எத்தனை மெனுன்னு கேக்காத. "கரண்ட் போனா எத்தனை நிமிசம் தாங்கும்?"னு கேளு. அவன் முழிச்சா அடுத்த கடைக்குப் போ.

மெனுவாம் மெனு! ஒண்ணுல பன்னெண்டு, இன்னொண்ணுல இருவத்தஞ்சு. ஜாம் கிண்டுமாம், கேக் சுடுமாம், தயிரு தோய்க்குமாம். சித்திரை வெயில்ல நம்ம ஊருல பாலைச் சும்மா வச்சாலே தோயுது, அதுக்கு ஒரு பட்டனா? உனக்கு வேண்டியது மூணே மூணு: சாதா ரொட்டி, கோதுமை ரொட்டி, மாவு மட்டும் பிசையுறது. மூணாவதை லேசா நெனைக்காத. ரொட்டி ஆசை அடங்குன பொறகும் சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாவு பிசைய அந்த மெஷின் கெடக்கும்ல.

ராத்திரி போட்டு வச்சுட்டுக் காலையில எடுக்கிற டைமர்னு இன்னொண்ணு சொல்லுவாங்க. பால், முட்டை போட்ட மாவுல அதைத் தொடாத. நம்ம புழுக்கத்துல விடியுறதுக்குள்ள கெட்டுப் போயிரும். வெறும் தண்ணியில பிசையுற மாவுன்னா, ஈஸ்ட்டு தண்ணியைத் தொடாம மாவு மேல காஞ்சு கெடக்கணும்.

இதெல்லாம் யாரு கண்டுபிடிச்சதுன்னு நெனைக்கிற? ஜப்பான்காரன். 1980கள்ல மாட்சுஷிட்டாங்கிற கம்பெனி, இப்ப பானசோனிக், வீட்டுக்கு ஒரு ரொட்டி மெஷின் பண்ணப் பாத்துச்சு. எவ்வளவு முட்டியும் மாவு சரியாப் பிசைபடல. கடைசியில இக்குகோ தனாக்கான்னு ஒரு பொண்ணு, மெஷினுக்கு மூளை எழுதுற வேலைக்காரி, ஒசாகா இன்டர்நேஷனல் ஓட்டல் ரொட்டி மாஸ்டர்கிட்டப் போயி நின்னுச்சு. மாஸ்டரு மாவை வெறுமனே அமுக்கல, முறுக்கி இழுக்கிறாருன்னு கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணுதான். அப்பறம் பாத்திரத்துக்கு உள்பக்கம் வரி வரியா மேடு வச்சுத்தான் மெஷினு மாவை இழுத்துச்சாம். இஞ்சினியரே மாஸ்டர்கிட்ட மாவு பிசையக் கத்துக்கிட்டதுக்கு அப்பறம்தான் மெஷினே பொறந்திருக்கு. நீ மட்டும் கையில மாவு ஒட்டாம ரொட்டி திங்கலாம்னு பாக்குற, கெட்டிக்காரி!

நான் சொல்றது இதுதான். வாங்குறதுக்கு முன்னாடி ஒரு மாசம் கையால சுட்டுப் பாரு. பிசையவும் வீட்டுலயே ஆளு இருக்கு: கோயம்புத்தூர் டேபிள் கிரைண்டர். அதோட சீதனமா வந்த மாவு பிசையுற தண்டு அட்டைப்பெட்டியோட பரண்ல கெடக்கும், எறக்கு. சுடுறதுக்குக் குக்கர். அடியில உப்பைப் பரப்பி, மேல ஒரு தட்டு வச்சு, கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழட்டிட்டு மூடு. தண்ணி ஊத்தாத. ஒரு மாசத்துக்கு அப்பறமும் வீட்டுல உள்ளவங்க "ரொட்டி எங்கடி?"னு கேட்டா மெஷின் வாங்கு. "இட்லி இல்லையா?"னு கேட்டா அந்தக் காசுல மோட்டாரைப் போட்டுரு.

சரி, கேட்டுட்டாங்கன்னே வையி. எந்த அளவு? மெஷின்காரன் பவுண்டுக் கணக்குல சொல்லுவான். ஒரு பவுண்டுன்னா 450 கிராம், ரெண்டு பவுண்டுன்னா 900. மூணு பேரு இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு, ஒன்றரை பவுண்டு தாராளம். வீட்டு ரொட்டிக்குக் கடை ரொட்டி மாதிரி கெடாம இருக்க மருந்து கெடையாது. நம்ம ஊருப் புழுக்கத்துல ரெண்டாம் நாளே பூஞ்சை மோந்து பாத்துரும். பெருசா வாங்குனா மிச்சத்தை மாடு திங்கும், மாட்டுக்கு ஏன் மெஷின் ரொட்டி?

அப்பறம் வாரண்டிச் சீட்டு. இதுலதான் நம்ம ஊரு பேரு வேலை செய்யும். அந்தக் காலத்து ஸ்தபதிங்க கோயில் வேலைக்கு ஒப்பந்தம் எழுதுனா, என்ன வேணும்னாலும் செஞ்சு தர்றோம், "ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக"ன்னு ஒரு வரி போட்டுக்குவாங்களாம். கல்லை மரச் சட்டம் மாதிரி எளைச்சு, ஆணி வரைக்கும் கல்லுலயே செதுக்கி வச்ச அந்தக் கொடுங்கைத் தாழ்வாரத்தை இன்னொரு தடவ யாரால செய்ய முடியும்! மெஷின் கம்பெனிக்காரனும் ஸ்தபதி மாதிரிதான். அவன் சீட்டுலயும் ஒரு "நீங்கலாக" இருக்கும். பொடி எழுத்துல பாரு: பாத்திரத்துப் பூச்சு நீங்கலாக, பிசையுற தகடு நீங்கலாக. கெட்டுப் போறதே அந்த ரெண்டுந்தான். ஸ்தபதி நீங்கலாக்குனது யாராலயும் முடியாததை. இவன் நீங்கலாக்குறது தெனமும் தேயுறதை.

அதனால தகடும் பாத்திரமும் தனியா விலைக்குக் கெடைக்குதா, ரிப்பேர்னா புதுக்கோட்டையிலயோ திருச்சியிலயோ ஆளு இருக்கானான்னு கேட்டுட்டுக் காசை நீட்டு. பேரு தெரியாத மெஷினு ஆயிரம் ரூபா கொறைச்சலா வரும், தகடு ஒடைஞ்சா அன்னைக்கோட கதை முடிஞ்சுச்சு. பாத்திரத்துல இரும்புக் கரண்டி விடாத, மரத்தாலதான் நோண்டணும். ரொட்டி அடியில தகடு குத்துன ஓட்டை இருக்கத்தான் செய்யும், அதுக்காகச் சண்டைக்குப் போகாத.

கூட ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வாங்கு. மெனுவை விட அதுதான் முக்கியம். 400 கிராம் மைதான்னா 250 மில்லி தண்ணி, ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட உப்பு, ஒரு டீஸ்பூன் இன்ஸ்டண்ட் ஈஸ்ட்டு, கொஞ்சம் சக்கரை, எண்ணெய். உப்பும் ஈஸ்ட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ஆளுக்கொரு மூலையில வையி, நம்ம பங்காளிக மாதிரி. கோதுமை மாவுன்னா தண்ணி இன்னும் கேக்கும். கோடையில பிரிட்ஜ் தண்ணி ஊத்து, இல்லாட்டி மாவு துள்ளி எந்திரிச்சுக் கடைசியில குழி விழுந்துரும். பிசைய ஆரம்பிச்ச பத்தாவது நிமிசம் மூடியைத் தொறந்து பாரு, உருண்டையா வழவழன்னு சுத்தணும். கூழாத் தெரிஞ்சா ஒரு கரண்டி மாவு, வெடிச்சுத் தெரிஞ்சா ஒரு கரண்டி தண்ணி. மெஷினுக்குக் கை உண்டு தாயி, கண்ணு கெடையாது.

விலை எவ்வளவுன்னு என்னைக் கேக்காத. தீபாவளிக்கு ஒண்ணு சொல்லுவான், ஆடித் தள்ளுபடியில ஒண்ணு சொல்லுவான். ஆடி வரைக்கும் பொறுத்தா கையால சுட்ட பழக்கமும் வந்துரும், காசும் மிஞ்சும்.

எல்லாம் வாங்கி வச்சுட்டு மொத ரொட்டியை என்கிட்டக் கொண்டாந்துராத. நம்ம சாமிக்குப் படைகல்லுல கொட்டுற புழுங்கலரிசிச் சோத்து ஆவி போதும், எனக்கு இருக்கிறது நாலு பல்லு. மூணாவது ரொட்டியைக் கொண்டா, அதுவும் ஓரத்தை வெட்டிட்டு.