மச்சினன்தானே, பத்திரம் எதுக்கு?

வா அப்புனு, ஒக்காரு. நீயும் உன்ற மச்சினனும் தேங்காண்ணெய் மில்லு போட்டுட்டீங்களாமே, காங்கயமே பேசுது. கணபதி ஹோமம் ஆச்சு, திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியாச்சு, போர்டுல லைட்டு ஓடுது. பார்ட்னர்ஷிப் பத்திரம் எங்கடான்னா, "மச்சினன்தானுங்க அப்புச்சி, எழுதச் சொன்னா மொகம் கோணும்"ங்கற. தங்கமான பையன். அதே மச்சினன் உன்ற கல்யாணத்துல மொய் எழுதுறப்போ ஊர்ப்பேரு, அப்பன் பேரு சேத்து 101 ரூவாயையும் விடாம எழுதினானே, அன்னிக்கு யாரு மொகம் கோணுச்சு?

வெள்ளைக்காரன் 1932-லயே கூட்டு யாவாரத்துக்கு ஒரு சட்டம் போட்டுட்டுப் போயிருக்கான். கம்பெனியைப் பதியறது உன்ற இஷ்டம்ங்கறான், மருவாதியாத்தான். ஆனா பதியாத கம்பெனி, பாக்கி வெச்சவன்மேல கேஸ் போட முடியாது. உனக்குக் கொப்பரை குடுத்த களத்துக்காரன் உம்மேல போடலாம், அதுக்குத் தடையில்லை. பங்கு இவ்வளவுன்னு பேசிக்கலைன்னா லாபம் சரிசமம். எட்டு லட்சம் போட்ட நீயும் எம்பதாயிரம் போட்ட அவனும் சரிசமம். கம்பெனிப் பேர்ல அவன் ஒரு லோடு கொப்பரையைக் கடனுக்கு எடுத்துட்டு ஊரை விட்டுப் போனான்னு வெச்சுக்கோ, முழுப்பணத்துக்கும் நீதான் ஆளு. "என்ற பங்கு பாதிதானுங்க"ன்னு சொல்லிப் பாரு. வந்தவன் உன்ற டிராக்டரைத்தான் பாப்பான். எல்.எல்.பி.ன்னு 2008-ல ஒண்ணு வந்துச்சு. அதுல பதிஞ்சா நஷ்டம் பொதுவா போட்ட மொதலோட போயிரும், ஊடு தப்பிக்கும். வருசா வருசம் கணக்குத் தாக்கல் பண்ணோணும், அவ்வளவுதான். எதுல போனாலும் லாபத்தை எழுதறதுக்கு முந்தி, பிரியறப்போ மெசினு யாருக்கு, கடன் யாருக்குன்னு எழுது. சிரிச்சுப் பேசிட்டிருக்கறப்பவே எழுது. அடிச்சுக்கிட்ட பொறவு வக்கீல் எழுதுவார், அது வேற ரேட்டு.

அப்புறம், எண்ணெய் வாங்கிட்டுப் பாக்கி வெச்ச அந்தக் கோயமுத்தூர் யாவாரி. தை பொறந்தாத் தர்றேன்னாராமே. எந்த வருசத் தைன்னு கேட்டியா? 2006-ல சிறுதொழிலுக்குன்னு வந்த சட்டத்துல, நாள் பேசலைன்னா 15 நாள்ல பணம் தரோணும். என்ன எழுதி வாங்கியிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது. தாண்டுனா ரிசர்வ் பேங்க் ரேட்டைப்போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. நம்மூரு மீட்டர் வட்டிக்காரனே கேட்டா மூக்குல வெரலை வெப்பான். வட்டியை விட்டுக்குடுக்கறது உன்ற பெருந்தன்மை, வசூல் பண்றதுக்குத் தனியா கவுன்சிலே இருக்குது. ஆனா சிறுதொழிலுக்குன்னு அரசாங்கம் வெச்சிருக்கற உத்யம்ல பதிஞ்சிருக்கோணும், சரக்கு ஏத்தறதுக்கு முந்தியே. ஆன்லைன்ல காசில்லாமப் பதியலாம். அதுக்கு ரெண்டாயிரம் கேக்கற புரோக்கர்கிட்ட மட்டும் போயிராத. ஒண்ணு, நீ ஆட்டி விக்கறவன், அதனால இது உனக்கு உண்டு. வாங்கி விக்கறவனுக்கு இந்த வட்டியெல்லாம் இல்லை.

செக்கு குடுத்தாருன்னு சந்தோசப்படாத. திரும்பி வந்துச்சுன்னா, பேங்க்குல சொன்ன 30 நாளுக்குள்ள நோட்டீஸ் போகோணும். அவருக்கு 15 நாள் டைம். அப்பவும் தரலைன்னா ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டு. "பாவம், பெரிய மனுசன்"னு ரெண்டு மாசம் பாத்துட்டிருந்தியோ, அந்தச் செக்கைப் பிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கலாம். சாதாக் கடனுக்கும் மூணு வருசந்தான் ஆயுசு. அது முடியறதுக்குள்ள, பாக்கி இவ்வளவுன்னு ஒரு கையெழுத்து வாங்கிட்டீன்னா மறுபடி மூணு வருசம். உன்ற அம்மாயி புரோநோட்டுல நாள் பாத்து வரவு வெக்கச் சொல்லுவா, அவளுக்கு எந்த வக்கீலும் சொல்லித் தரலை.

மில்லுப் பேரை டிரேட்மார்க் பண்ணிரு, பத்து வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சாப் போதும். எண்ணெய் நல்லா ஓடுச்சுன்னா அடுத்த தெருவுலயே உன்ற பேர்ல ஒருத்தன் வருவான். அவனும் ஒறம்பரையாத்தான் இருப்பான்.

பத்திரத்துக்குச் சாட்சி வேணும்னா அப்புச்சி வர்றேன், சும்மாவே. போறப்போ அந்த அஞ்சு லிட்டர் கேனை எறக்கி வெச்சுட்டுப் போ. காசா? மொதல்ல பில்லைக் குடு, பாக்கலாம்.