நாலு கோயில் மணியும் சட்டைப்பைக் கோள்மூட்டியும்

வா தம்பி, உக்காரு. பஜ்ஜி சூடா இருக்கு. இன்னா மூஞ்சி தொங்கிப் போயிருக்கு? ஓ, காலையில மேனேஜரு கடிச்சானா! "இரும்புலியூர் டிராஃபிக்ல மாட்டிக்கினேன் சார்"னு நீ சொல்றே. அவன் செல்லுல உன் நீலப் புள்ளி முடிச்சூர் ரோட்டுல, இதே பெஞ்சியில, அசையாம உக்காந்திருக்கு. பொய் சொல்றதுக்கு முன்னால லைவ் லொகேஷன நிறுத்தணும்னு நாலு வருஷம் இஞ்சினியரிங்ல ஒருத்தனும் சொல்லித் தரலியா?

அதுக்கு எதுக்கு வானத்தப் பாத்துத் திட்றே? அந்த ஜி.பி.எஸ். சாட்டிலைட் உன்னப் பாக்கவே இல்ல கண்ணு. 20,200 கிலோமீட்டர் உசரத்துல சுத்திக்கினு, "இப்ப மணி இவ்ளோ, நான் இங்க இருக்கேன்"னு கத்திக்கினே போவுது. அவ்ளோதான் அதுக்கு வேலை.

ஏரிக்கரையில மாடு மேய்ச்சவன் நான், எனக்கு இது புரியும். சாயங்காலம் நாலு ஊர்க் கோயில்லயும் ஒரே நொடியில மணி அடிக்கிறாங்கன்னு வெச்சுக்கோ. எது முந்தி வந்துச்சு, எது எவ்ளோ பிந்தி வந்துச்சுன்னு கணக்குப் போட்டா, எந்த வரப்புல நிக்கிறேன்னு சொல்லிடலாம். அதேதான் இதுவும். சாட்டிலைட்டும் நாலு வேணும். ஒரு வினாடியை பத்து லட்சம் துண்டாக்கி, அதுல ஒரு துண்டு கடிகாரம் பிசகினாலும் 300 மீட்டர் தள்ளிக் காட்டும். ஆனா மணி அடிச்ச குருக்களுக்கு, எவன் எங்க நின்னு கேட்டான்னு தெரியுமா? தெரியாது. தெரிஞ்சவன் உன் சட்டைப் பையில இருக்கான். அவன்தான் கணக்குப் போடறான். போட்டத ஊரெல்லாம் போயி ஓதறதும் அவன்தான்.

மணி அடிக்கிறவன் அசலூர்க்காரனா இருந்தா அது வேற தலைவலி. 1999ல கார்கில் சண்டையப்ப அமெரிக்காக்காரன்கிட்ட கேட்டோம், கைய விரிச்சிட்டான்னு சொல்லுவாங்க. அப்புறந்தான் நம்ம இஸ்ரோ 2013லேர்ந்து சொந்தமா ஏத்துச்சு, நாவிக்னு பேரு. மொதல்ல போனதுல இருந்த வெளிநாட்டு அணுக் கடிகாரம் மூணும் நின்னுபோச்சு. என் மாமனார் போட்ட வாட்சும் ஃபாரின்தான், ஆடி வரைக்கும் கூடத் தாங்கல. 2023 மே மாசம் போனதுலதான் நம்மூர்ல செஞ்ச கடிகாரம் ஏறுச்சு.

கள்ள மணி அடிக்கிறவனும் உண்டு. அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற சத்தம் ஈனஸ்வரந்தானே? பக்கத்துல ஒருத்தன் பலமாத் தட்டுனா காது அத்தான் நம்பும். 2025 நவம்பர்ல டெல்லியில ஏரோப்ளேன்காரங்களுக்கே இப்படி ஆச்சு, வேற வழிமுறை வெச்சு எறக்கினாங்க. பார்லிமென்ட்ல மந்திரி சொன்ன ஊர் லிஸ்டுல சென்னையும் இருக்கு. கள்ள மணியே வேணாம், நல்ல மணியக் கேட்டும் கவுறலாம். 2024 ஜனவரியில ஊட்டி பாத்துட்டுத் திரும்புன கர்நாடகப் பசங்க, மேப்பு சொல்லிச்சேன்னு கூடலூர் போலீஸ் குடியிருப்புல காரைப் படிக்கட்டுல எறக்குனாங்களே! கண்ணாடிக்கு வெளிய படிக்கட்டு தெரியுது. இருந்தாலும் பொம்பளக் குரல்ல சொன்னா தட்ட முடியுமா?

இப்ப உனக்கு ஒரு புத்தி சொல்றேன், கேட்டுக்கோ. நைஜீரியாக்காரன் ஒருத்தன் போதை மருந்துக் கேசுல ஜாமீனுக்கு வந்தான். எங்க இருக்கேன்னு மேப்புல பின் போட்டு அதிகாரிக்குக் காட்டணும்னு கோர்ட்ல நிபந்தனை போட்டாங்க. அவன் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனான். கூகுள்காரனே வந்து, "பின் போட்டா ஆளு நடமாட்டத்த அப்படிப் பின்தொடர முடியாதுங்க"ன்னு எழுதிக் குடுத்தான். 2024 ஜூலையில ஜட்ஜுங்க அந்த நிபந்தனைய எடுத்துட்டாங்க. ஜாமீன்ல வந்தவன் ஆனாலும் அவன் எங்க போறான் வர்றான்னு எந்நேரமும் எட்டிப் பாக்கக் கூடாது, அது அந்தரங்க உரிமைன்னு தீர்ப்பு.

கேசுல மாட்டினவனுக்குக் கெடச்ச மரியாதை அது. உம்மேல எந்தக் கேசும் இல்ல. நீ முப்பது ரூவா பிரியாணி கூப்பனுக்கு "ஆல்வேஸ் அலோ" அமுக்குறே. டார்ச்சு லைட்டு ஆப்புக்குக் கூடக் குடுத்து வெச்சிருக்கே பாரு, வெளிச்சம் அடிக்கிறதுக்கு உன் விலாசம் எதுக்குடா அதுக்கு? தெனம் விடிகாலையில ஓடப் போறே, சந்தோஷம். ஓடுன பாதைய கோடு போட்டு ஊருக்கே காட்டுறே. கோடு எங்க ஆரம்பிக்குது? உன் வீட்டு கேட்டுல. எங்க முடியுது? அதே கேட்டுல. நடுவுல முக்கா மணி நேரம் வீடு காலி. திருடனுக்கு வெத்தல பாக்கு மட்டுந்தான் பாக்கி. 2018ல இப்படி ஓட்டப் படத்த வெச்சுத்தான் பாலைவனத்துல அமெரிக்கா பட்டாளத்து முகாம் எங்க இருக்குன்னு ஊரே கண்டுபுடிச்சுது. பட்டாளத்தான் கதியே அது, நீ எம்மாத்திரம்?

எனக்கா? எம் மவன் மறைமலை நகர்ல இருந்துக்கினே எம்போன வேவு பாக்குறான். சக்கர வியாதியாம், டீக்கடைப் பக்கம் போறேனான்னு பாக்கணுமாம். பாக்கட்டுமே. கொஞ்ச நாளா சொந்தக்காரங்ககிட்டல்லாம் பெருமையாச் சொல்றான், "அப்பாவுக்கு பக்தி முத்திப் போச்சு, சாயங்காலமானா மூணு மணி நேரம் கோயில்லயே இருக்காரு"ன்னு. பொய் இல்ல தம்பி, போன் இருக்குது. கோயில் வாசல்ல பூக்காரம்மா கூடையில, மல்லிகைக்குக் கீழ.

ஐயையோ, மணி ஆறா? அவ கூடையக் கட்டிக்கினு கூடுவாஞ்சேரி ரயிலுக்குப் போற நேரம்! எந்திரி, எந்திரி, வண்டிய எடு. மேப்பெல்லாம் போடாத, வழி நான் சொல்றேன்.