கூரைமேல் சூரியன்

ஜொகூரில் ஒருவர் ஃபோர் வீல் வண்டி எடுத்தால், மூன்றாவது தவணை கட்டுவதற்குள் அதன் கூரைமேல் ஒரு சூரியன் உதித்துவிடும். ஹைலக்ஸ், டிமேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், ஏன், உற்பத்தி நின்றுபோன பழைய பெரோடுவா கெம்பாராவாகவே இருக்கட்டும், சடங்கு மாறாது. ஐம்பது அங்குல எல்இடி லைட் பார் ஒன்று மேலே ஏறும். வண்டியோடு வந்த இரண்டு சின்ன ஃபோக் லைட்டுகள் பம்பரில் கேட்பாரற்றுக் கிடக்கும். எதற்கு இது என்று கேட்டால், பனிக்கு, புகைமூட்டத்துக்கு, மழைக்கு, காட்டுக்கு, எல்லாத்துக்கும்தான் என்று பதில் வரும். அந்த 'எல்லாத்துக்கும்' மீதுதான் எனக்குச் சந்தேகம். கண்ணை மறைக்கும் வழியில் ஒரு விளக்கின் யோக்கியதையை, அது எந்த இடத்தை இருட்டாக விட்டுவைக்கிறது என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். விளக்கு வாங்க வந்தவரிடம் இருட்டைப் பார்த்து வாங்குங்கள் என்று சொன்னால் கடைக்காரர் என்னை வெளியே போகச் சொல்வார். ஆகவே கடைக்கு வெளியிலேயே நின்று சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆட்சேபணை உடனே வரும்: ஜொகூரில் பனி ஏது? அதற்குக் கேமரன் மலைக்காரர்கள் கவலைப்படட்டும். நியாயமான பேச்சு. நம் மாநிலத்தின் உச்சி குனோங் லேடாங், 1,276 மீட்டர். அந்த உச்சிக்கு யாரும் ஹைலக்ஸ் ஓட்டிக்கொண்டு போவதில்லை. ஆனால் கண்ணை மறைக்க மலைதான் வேண்டும் என்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் சதுப்பு நிலங்களில் தீ மூண்டால், புகை பாஸ்போர்ட் இல்லாமல் நீரிணையைக் கடந்து மூவாரில் வந்து இறங்கிவிடும். 2013 ஜூன் 23 அன்று மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே அபாயக் கட்டம். மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவித்தார்கள். அடுத்தது புழுதி. கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் வாசலான கம்போங் பெத்தாவுக்குப் போகும் 56 கிலோமீட்டர் வழியில், வெயில் காலத்தில் முன்னால் ஒரு செம்பனை லோரி போனால் போதும். சடக்கே எழுந்து நம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. விடியற்காலையில் தோட்டத்துப் பள்ளங்களில் தேங்கும் மூடுபனியைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, ஜொகூரில் பனிவிளக்குக்கு வேலை நிறையவே இருக்கிறது. பனியைத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். காற்றில் நீர்த்துளியோ புகையோ புழுதியோ மிதக்கும்போது, விளக்கொளியின் ஒரு பங்கு எதிரே உள்ள மரத்தைத் தொடுவதற்கு முன்பே அந்தத் துகள்களில் பட்டுச் சிதறி, ஓட்டுகிறவர் கண்ணுக்கே திரும்பி வருகிறது. நாம் காணும் வெள்ளைத் திரை அதுதான். இப்போது விளக்கை இரண்டு மடங்காக்குங்கள். மரத்தின்மேல் விழும் ஒளி இரண்டு மடங்காகும்; திரையின் வெளுப்பும் அதே இரண்டு மடங்காகும். மரத்துக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் இருந்த இடத்திலேயே இருக்கும், கண் கூசுவது மட்டும் லாபம். கையில் இருந்த காசைக் கொடுத்து, முன்பைவிட வெள்ளையான ஒரு சுவரை வாங்கியிருக்கிறோம். திரையைக் குறைக்க வேண்டுமானால், கண் போகும் பாதையும் ஒளி போகும் பாதையும் கூடியவரை ஒன்றின்மேல் ஒன்று படியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூரை விளக்கு கண்ணுக்குச் சற்று மேலே உட்கார்ந்துகொண்டு, கண் போகிற வழியெல்லாம் கூடவே போகிறது. போதாக்குறைக்கு பானெட்டையும் வெளுத்துக் காட்டுகிறது. பம்பரில் உள்ள ஃபோக் லைட்டோ கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இருந்து, மேற்பக்கம் போகும் ஒளியைக் கோடு போட்டு நிறுத்தி, தரையோடு தரையாக அகல விரிக்கிறது. கண்ணுக்கு நேரே உள்ள காற்று இருட்டாகவே இருப்பதால்தான், அதன் வழியாகக் கீழே உள்ள சடக்கும் அதன் ஓரமும் தெரிகின்றன.

தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். பால்மரம் வெட்டியவர்கள் விடியுமுன் நெற்றியில் கார்பைடு விளக்கைக் கட்டிக்கொண்டு மூடுபனியில் நிரை நிரையாகப் போகவில்லையா? கண்ணுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தும் கோடு தப்பாமல் வெட்டவில்லையா? வெட்டினார்கள். அவர்கள் பார்த்த மரப்பட்டை ஒரு முழ தூரத்தில் இருந்தது. ஒரு முழக் காற்றில் எவ்வளவு பனி இருந்துவிடப் போகிறது? அதே விளக்கை வைத்துக்கொண்டு, பத்து நிரை தள்ளி நிற்பது மரமா மண்டோரா என்று சொல்லச் சொல்லியிருந்தால் கதை வேறு. பிக்கப்புக்காரர் பார்க்க வேண்டியது முழ தூரத்தில் இல்லை.

எவ்வளவு தூரத்தில் என்பதற்கும் கணக்கு உண்டு. மூடிக்கிடக்கும் வழியில் ஃபோக் லைட் உருப்படியாகக் காட்டுவது இருபது, முப்பது மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் 17 மீட்டர் ஓடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி, அதாவது 25 மீட்டர். ஈரச் சடக்கில் டயரின் பிடிப்பு 0.4 என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நிற்க மேலும் 35 மீட்டர். மொத்தம் 60 மீட்டர். வெளிச்சம் முடிந்து அதற்குமேல் முப்பது மீட்டர் கடவுள் விட்ட வழி. 30 கிலோமீட்டரில் போனால் எல்லாம் சேர்த்து 21 மீட்டரில் வண்டி நின்றுவிடும். எனவே பனிவிளக்கு வேகமாகப் போவதற்கான சாதனம் இல்லை. மெதுவாகப் போகிறவர் பள்ளத்தில் இறங்காமல் இருப்பதற்கான சாதனம். முந்நூறு மீட்டர் தெரியும் என்று சொல்லி எவராவது பனிவிளக்கு விற்றால், அவர் விற்பது வேறு ஏதோ.

அப்படி விற்பவர்களின் வாய்ப்பாடு லூமென். இணையக் கடைகளில் 18 வாட் விளக்குக்கு 20,000 லூமென் என்று கூசாமல் எழுதுவார்கள். வகுத்துப் பாருங்கள்: வாட்டுக்கு 1,111 லூமென். மனிதக் கண்ணுக்கு மிக நன்றாகத் தெரிவது 555 நானோமீட்டர் பச்சை ஒளி. மின்சாரம் முழுவதையும், இம்மியும் வெப்பமாக வீணாகாமல், அந்தப் பச்சையாகவே மாற்றினாலும் கிடைப்பது வாட்டுக்கு 683 லூமென்தான். அதற்குமேல் கொடுக்க இயற்கையிடமே சரக்கு இல்லை. அந்தக் கடை கொடுக்கிறது, அறுபது வெள்ளிக்கு, இலவச டெலிவரியோடு. சாதாரண 55 வாட் எச்11 ஹாலஜன் பல்பின் கணக்கு 1,350 லூமென். தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்த எத்தனையோ ஃபோக் லைட்டுகள் அதை வைத்தே ஒழுங்காகக் காலம் தள்ளியிருக்கின்றன. பெட்டிமேல் உள்ள எண்ணை விட்டுவிட்டு விளக்கின் கண்ணாடியைப் பாருங்கள். வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு நாட்டின் எண்ணும், பக்கத்தில் 'பி' அல்லது 'எஃப் 3' என்ற குறியும் இருந்தால், ஐ.நா.வின் 19ஆம் ஒழுங்குவிதிப்படி முன்பக்கப் பனிவிளக்கு என்று சோதிக்கப்பட்டது என்று பொருள். மலேசியாவுக்கு உரிய எண் 52.

இருபதாயிரம் லூமென் அச்சடிக்கத் தெரிந்தவருக்கு இந்த முத்திரை அச்சடிக்கத் தெரியாதா என்பீர்கள். தெரியும். அதனால்தான் சுவர் இருக்கிறது. இருட்டிய பிறகு, சமதரையில், ஏதாவது ஒரு வெள்ளைச் சுவருக்குப் பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி விளக்கைப் போடுங்கள். நல்ல பனிவிளக்கின் வெளிச்சம் சுவரில் அகலமான பட்டையாக விழும். பட்டையின் மேல் விளிம்பு சாந்துக்கோடு மாதிரி நேராக இருக்கும், அதற்கு மேலே இருட்டு. ஏமாற்று விளக்கில் விளிம்பே இருக்காது. நடுவில் ஒரு வெள்ளை உருண்டையும், சுவர், கூரை, தென்னை உச்சி, பக்கத்து வீட்டு மாடி என்று எங்கும் சிந்திய வெளிச்சமும் இருக்கும். கோடு தெரிந்தால், அதை விளக்கின் நடுமட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறக்கி முடுக்குங்கள். வண்டியில் வழக்கமாக ஏற்றும் சுமையோடு இதைச் செய்வது நல்லது. சிகாமட்டில் பின்னால் டுரியானை நிரப்பிக்கொண்டு கிளம்பும் பிக்கப் பின்பக்கம் தாழ்ந்து மூக்கைத் தூக்கும். முடுக்கி வைத்த கோடும் கூடவே மேலே ஏறி எதிரே வருபவர் முகத்தில் நிற்கும்.

மஞ்சளா வெள்ளையா என்ற சண்டைக்கு ஒட்டுக்கடை மேசைகள் போதவில்லை. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பது பழைய நம்பிக்கை. பிரான்ஸ் 1936இல் முகப்பு விளக்குகள் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டு, 1993 வரை விடாமல் வைத்திருந்தது. ஆனால் மூடுபனியின் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிது. அது எல்லா நிறத்தையும் பாரபட்சமில்லாமல் சிதறடிக்கும். மஞ்சளை விட்டுவிட்டு நீலத்தை மட்டும் பிடிக்கும் துளியாக இருந்தால் பனி நமக்கு நீலமாகத் தெரிந்திருக்கும். இந்த இடத்தில் வெள்ளைக் கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள். அவசரப்பட வேண்டாம். புகைமூட்டத்தின் துகள் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அது நீலத்தைத்தான் கூடுதலாகச் சிதறடிக்கும். இதற்குச் சாட்சி வானத்திலேயே இருக்கிறது: மூடுபனி வழியாகத் தெரியும் சூரியன் வெள்ளையாக இருக்கும், புகைமூட்ட நாளில் மாலை ஐந்து மணிக்கே செக்கச்செவேலென்று தொங்கும். எனவே ஐரோப்பியப் பனியில் பெரிதாகச் செல்லாத மஞ்சள் கட்சி, மூவார் புகையில் பாதியாவது செல்லும். துளைக்கிறதோ இல்லையோ, நீலம் குறைந்த ஒளியில் கண் கூசுவது குறைவு என்பதும் உண்டு. மஞ்சள் எடுக்கலாம், இளமஞ்சள் வெள்ளையும் எடுக்கலாம். 6,000 கெல்வின் என்று பெருமையாக எழுதிய நீலவெள்ளை மட்டும் வேண்டாம். நம் ஊர்ப் புகைக்கு அதைவிடப் பொருந்தாத விளக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

தாழ வை என்று சொல்கிறாயே, ஆற்றில் இறங்கும் வண்டிக்குத் தாழ வைத்த விளக்கு முதல் பலி ஆகாதா? இதுதான் கூரைக் கட்சியின் உருப்படியான வாதம். ஐ.நா. விதிப்படி காருக்கும் பிக்கப்புக்கும் பனிவிளக்கு தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்குக் கீழேயும் 800-க்கு மேலேயும் இருக்கக் கூடாது. ஃபோர்டு ரேஞ்சருக்குச் சொல்லப்பட்ட நீர்க்கடப்பு ஆழம் 800 மில்லிமீட்டர். அதாவது வண்டி தாங்கும் ஆழத்தில் விளக்கு முழுகியே தீரும். கோத்தா திங்கி 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கண்ட வெள்ளத்தை நினைத்தால், இதற்கு ஆறுகூடத் தேவையில்லை. ஐபி 67 என்று எழுதியிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் என்பது அந்தச் சோதனை; ஆனால் தண்ணீருக்கும் விளக்குக்கும் வெப்ப வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் சோதனையின் நிபந்தனை. நம் ஆறுகளுக்கு இந்த நிபந்தனை தெரியாது. ஒரு மணி நேரம் எரிந்து கொதித்த விளக்கு சில்லென்ற நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரப்பர் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும்; ஹாலஜனாக இருந்தால் கண்ணாடியே விரிசல் விடலாம். பின்பக்கம் காற்று போய்வரும் சவ்வுத் துவாரம் உள்ள விளக்காகப் பார்த்து வாங்குவதும், இறங்குவதற்கு முன் விளக்கை அணைத்துச் சிறிது நேரம் காத்திருப்பதும் இதற்குப் பரிகாரம். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் ஆற்றைக் கடக்கவே யோசிக்கலாம்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சொல்லாமல் விட்டால் வண்டி எரியும். இரண்டு 55 வாட் பல்புக்கு 9 ஆம்பியர் ஓடும். அதை டேஷ்போர்டில் உள்ள பிளாஸ்டிக் சுவிட்ச் வழியாக நேராக இழுக்காமல், 30, 87, 85, 86 என்று காலில் எண் போட்ட ரிலே வைத்து, பேட்டரி அருகே ஃபியூஸ் போட்டு இழுக்கச் சொல்லுங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் பத்து சதவீதம் இறங்கினால் ஹாலஜன் வெளிச்சத்தில் ஏறக்குறைய முப்பது சதவீதம் போய்விடும். விளக்குக்கு அறுநூறு வெள்ளி கொடுத்தவர் வயரில் ஆறு வெள்ளி மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

கூரை விளக்கே கூடாதா என்றால், அதுவும் இல்லை. காற்று தெளிவாக உள்ள இரவில், ஆள் அரவமற்ற தோட்டச் சடக்கில், தூரத்தில் நிற்பது யானையா புதரா என்று பார்க்க அதுதான் சரி. அதற்குத் தனி சுவிட்ச் வையுங்கள். பனிவிளக்கின் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். அழகுக்காக மாட்டினேன் என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால் எனக்கு மறுப்பே கிடையாது. அழகுக்கு லூமென் கணக்கு பார்க்க முடியாது, எரியவிடவும் தேவையில்லை. பொதுச் சாலையில் அதை எரியவிட்டால் சாலைப் போக்குவரத்து இலாகா சம்மனோடு ரசிக்க வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பனிவிளக்கே ஆனாலும், வானம் தெளிந்ததும் அணைத்துவிடுங்கள். மழை ஓய்ந்த தார்ச் சாலை கண்ணாடி மாதிரி. தாழ வைத்த ஒளியும் அதில் பட்டு எதிரே வருபவர் கண்ணுக்குத்தான் போகும். கோத்தா திங்கி–மெர்சிங் சாலையில் இரவு பத்து மணிக்கு எதிரே வருபவர் பெரும்பாலும் வேலை முடிந்து கப்சாய் ஓட்டி வீடு திரும்பும் ஆள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பல்பு.