சட்டம் தெரிந்த களைக்கொல்லி

2015இல் இலங்கை அரசு கிளைபோசேட் களைக்கொல்லிக்குத் தடை போட்டது. வடமத்திய மாகாண விவசாயிகளின் சிறுநீரக நோய்க்கு அதுவும் காரணமோ என்ற சந்தேகம். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற வரிசையில் அதைச் சேர்த்திருந்தது. குடிமக்கள்மீது எவ்வளவு அக்கறை!

ஹட்டன், நுவரெலியா தேயிலை மலைகளில் புல்லுக்குத்தான் வர்த்தமானி வாசிக்கும் பழக்கமில்லை. தளதளவென்று வளர்ந்தது. மண்வெட்டி பிடிக்க ஆள் பற்றவில்லை. எம்சிபிஏ போன்ற வேறு களைக்கொல்லிகள் மலையேறின. ஒரு போத்தல் போனால் இன்னொரு போத்தல். இதுவல்லவா சுற்றாடல் கொள்கை!

ஜப்பான்காரருக்கு மட்டும் இந்த அருமை விளங்கவில்லை. தேநீரை ரசித்துக் குடிப்பதை விட்டுவிட்டு, தேயிலையைச் சோதனைக்கூடத்தில் வைத்தார். அந்நாட்டில் எம்சிபிஏ எச்சத்துக்கு அப்போது வரம்பு 0.01 பிபிஎம், அதாவது ஒரு கிலோவில் மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கு. ஏற்றுமதிச் சரக்குக்கு ஆபத்து என்றதும் கொழும்பு பதறியது.

2018 ஜூலையில் கிளைபோசேட் திரும்பி வந்தது, தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும். நெல்வயலில் நஞ்சு, தேயிலை மலையில் நண்பன். பயிரைப் பார்த்துக் குணத்தை மாற்றிக்கொள்ளும் இரசாயனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை நமக்கே.

முதுகில் டாங்கி, மூக்கில் துவாய்த்துண்டு. மருந்தடிக்கும் தொழிலாளியின் உடம்பில் எத்தனை பிபிஎம் என்று எந்தத் துறைமுகமும் கேட்டதில்லை. கேட்பானேன்? அவரை யாரும் ஏற்றுமதி செய்வதில்லையே.