22ஆம் நம்பர் அண்ணன்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மெல்லிசைக் கச்சேரி பிடித்தால் அதில் ஒரு கீபோர்டு அண்ணன் கட்டாயம் இருப்பார். வாசிப்பது கேசியோ. பேசுவது ரோலண்டு டிஜிட்டல் அக்கார்டியன்.

என்ன விலை என்று நாம் கேட்கவே வேண்டாம். டீ வருவதற்குள் அவரே சொல்லிவிடுவார். பெரிய மாடலான எஃப்.ஆர். 8 எக்ஸ் அமெரிக்காவில் சுமார் 6,000 டாலர். நம் காசுக்கு ஐந்து லட்சத்தைத் தொடும், சுங்கமும் வரியும் தனி. பெரம்பலூர் அண்ணனாக இருந்தால் உடனே அதைச் சின்ன வெங்காயத்துக்கு மாற்றுவார்: கிலோ 20 ரூபாய்க்குப் போனால் 25 டன். அரியலூர் அண்ணனுக்குக் கணக்கு சிமெண்டில் ஓடும்: மூட்டை 400 என்றால் 1,250 மூட்டை. இரண்டு மாவட்டமும் 2007இல் பிரிந்ததே இந்தக் கணக்குத் தகராறில்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆகவே அக்கார்டியன் பெட்டி அரியலூர் ஸ்டேஷனில்தான் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவதா (12 கிலோ), இல்லை அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார வைப்பதா என்பதுவரை அண்ணன் முடிவு செய்துவிட்டார். பணம்தான் பாக்கி.

குழுவில் பேடு வாசிக்கும் பையனுக்கு மட்டும் இது விளங்குவதில்லை.

"ஏண்ணே, நம்ம கீபோர்டுலயே 22ஆம் நம்பர அமுக்குனா அக்கார்டியன் வருதே. அதுக்கு எதுக்குண்ணே அஞ்சு லட்சம்?"

பையன் சொல்வதும் நிஜம்தான். 1991இல் கீபோர்டு கம்பெனிகள் கூடி ஒத்துக்கொண்ட வாத்திய ஒலிகளின் பொதுப் பட்டியலில் அக்கார்டியனுக்கு 22ஆம் இடம். பழைய எம்.எஸ்.வி. பாட்டுக்கெல்லாம் அண்ணன் அந்த நம்பரைத்தான் தட்டுகிறார். ஊருக்குள் பெயரும் அப்படியே நின்றுவிட்டது.

ஆனால் அண்ணன் பையனைத் திட்டுவதில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத பெட்டியைத் தோளில் மாட்டிக்கொள்கிறார். "தம்பி, கீபோர்டுல கட்டையத் தட்டுனதோட சரி. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் நம்ம பேச்சக் கேக்காது. இதுல துருத்தி இருக்கு பாரு. ஒரே சுரத்தப் புடிச்சிக்கிட்டே மெதுவா இழுத்தா பெருசாகும், விட்டா அடங்கும். பாடுறவன் மூச்சு மாதிரி." எம்.எஸ்.வி. குழுவில் மங்களமூர்த்தி வாசித்ததெல்லாம் அந்த இழுப்பில் வந்ததுதான் என்பது அவர் கட்சி. டிஜிட்டல் பெட்டியின் துருத்திக்குள் சத்தம் எழுப்பும் நாக்குகள் கிடையாது. நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்கும் கருவி இருக்கிறது, அதற்கேற்பச் சத்தம் வருகிறது. பழைய பெரிய பெட்டியில் 400க்கு மேல் உலோக நாக்குகள். ஒன்று சுருதி விலகினாலும் சரிசெய்ய ஆளைத் தேடி அலைய வேண்டும். இதில் அந்தத் தொல்லை இல்லை. இந்த இடத்தில் மட்டும் அண்ணனைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அவர் கைகள் காற்றை இழுக்கும்போது உள்ளே ஏதோ பாட்டு நிஜமாகவே ஓடுகிறது.

விழாக் கமிட்டித் தலைவர்களிடம் இந்தப் பேச்சு எடுபடாது. கழுத்தில் பெட்டியோடு நின்று வாசிக்கிற படத்தைச் செல்போனில் காட்டி, "இது வந்தா கச்சேரிக்கு அஞ்சாயிரம் கூட்டிக் குடுக்கணும்" என்று அண்ணன் ஒருமுறை அடி போட்டுப் பார்த்தார். தலைவர் படத்தை உற்றுப் பார்த்தார். "ஆர்மோனியம்தானப்பா இது? அந்தாளு உக்கார எடம் இல்லாம கழுத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறாரு. நம்மூர்ல நாற்காலி போட்டுத் தர்றோம்."

ஏலாக்குறிச்சி பக்கம் போனால் அண்ணனுக்கு இன்னொரு வருத்தம் கிளம்பும். அங்கே மாதா கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் இத்தாலிக்காரர். அக்கார்டியனுக்குப் பேர்போன காஸ்தெல்ஃபிதார்தோவும் இத்தாலிதான். "அங்கேருந்து மனுசரே வந்துட்டாரு, பெட்டி வர மாட்டேங்குது." முனிவர் 1747இல் காலமானார், அக்கார்டியனுக்கு வியன்னாவில் காப்புரிமை வாங்கியதே 1829இல்தான் என்று யாராவது கணக்குச் சொன்னால், "அதான், கொஞ்சம் முந்திட்டாரு" என்பார்.

வீட்டில்தான் வழக்கு கடுமை. ஏ.ஆர். ரகுமானின் அப்பா சேகர் 1976இல் இறந்த பிறகு, அவருடைய வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது என்ற செய்தியை அண்ணன் ஒரு நாள் அண்ணியிடம் எடுத்து வைத்தார். "பாத்தியா, வாத்தியம் சோறு போடும்."

"அவரு வாங்கி வெச்சிருந்தாருங்க" என்றார் அண்ணி.

அதிலிருந்து அண்ணன் கட்சி மாறிவிட்டார். இப்போதெல்லாம் வாங்காததன் லாபத்தைத்தான் விளக்குகிறார். ரோலண்டு தன் முதல் டிஜிட்டல் அக்கார்டியனை 2004இல் விட்டது. 2013இல் எஃப்.ஆர். 8 எக்ஸ் வந்ததும் அது பழசு. மர அக்கார்டியனைப் பேரன்வரை வாசிக்கலாம். மின்சாமானை மூன்றாவது வருஷமே பாதி விலைக்குக் கேட்பான். இதில் பொய்யே இல்லை.

"அன்னிக்கு வாங்கியிருந்தா மூணு லட்சம் போயிருக்கும். அப்புறம் வந்தத வாங்கியிருந்தா அஞ்சு. மொத்தம் எட்டு லட்சம் மிச்சம் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

அண்ணி கையை நீட்டினார். "அதுல ஒரு ஆயிரம் குடுங்க, கேஸ்காரன் வந்து நிக்கிறான்."

"அதத் தொட்டா அடுத்த மாடல் எப்படி வாங்குறது?" என்றார் அண்ணன்.